பிணை முடிகிற வெள்ளிக்கிழமை

குப்பை வண்டி வரவில்லை என்று முதலில் திட்டியது கோழிக்கடை நிஸ்தார் நானாதான். மூன்றாம் வாரம் அவர் திட்டுவதையும் விட்டுவிட்டார். கோழி இறகும் குடலும் கட்டிய உரப்பை ஒன்றைக் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவைத்து, "தங்கச்சி, இதையும் ஒங்கட பைல்ல போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன குப்பை ஒப்பந்தப் பைல் என் அலுமாரியில்தான் இருந்தது.

நான் பிரதேச சபையில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறேன் என்று கேட்கவேண்டாம். ஒப்பந்தப் பைல்களை அடுக்குகிறேன், அலுமாரியைப் பூட்டுகிறேன், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன். பெயர் விஜிதா. எல்மவுண்ட் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைக் காம்பராவிலிருந்து பட்டம் வரை போன முதல் ஆள். கறுப்பு அங்கியோடு நான் நிற்கிற போட்டோவைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மாட்டியிருக்கிறார்கள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் தூங்குகின்றன. பாவம் அவை.

சபையின் சொந்த டிரக்டர்கள் டீசல் இல்லாத காலத்தில் நின்றவை, பிறகு எழும்பவே இல்லை. அதனால் டவுனின் குப்பை அள்ளுகிற உரிமையை மூன்று வருடத்துக்கு ஒரு தனியாளுக்குக் கொடுத்தார்கள். கடைகளிடம் அவரே மாதக் கட்டணம் அறவிடலாம், வீடுகளுக்குச் சபை கட்டும். டெண்டரை எடுத்தவன் இந்திரகுமார். எங்கள் தோட்டத்தான், என் அண்ணனோடு படித்தவன். பக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டவரின் மகன். லீசிங்கில் ஒரு டிரக்டர் எடுத்து மண் ஏற்றி, கல் ஏற்றி, இரண்டாவதையும் எடுத்தான். டெண்டர் கிடைத்த அன்று தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். குப்பை அள்ளுவதற்குப் பொங்கல் வைத்த ஊர் இலங்கையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்படி உரிமை எடுப்பவர் வேலையை இடையில் விட்டுவிட்டு ஓடாமல் இருக்கச் சபை ஒரு பிணை கேட்கும். தாளில் அதன் பெயர் செயலாற்றுகைப் பிணைமுறி. எல்லாரும் சொல்வது பொண்ட். அதைச் சபைக்கு எழுதிக் கொடுப்பது வங்கி. ஒப்பந்தக்காரர் தவறிவிட்டார் என்று சபை ஒரு கடிதம் கொடுத்தால் போதும், வங்கி காசைக் கட்டிவிடும். யாரில் பிழை, ஏன் பிழை என்று கேட்காது. கேட்கக்கூடாது என்றே பிணைமுறியில் எழுதியிருக்கும். பிறகு ஒப்பந்தக்காரர் ஈடு வைத்ததிலிருந்து வங்கி தன் காசை எடுத்துக்கொள்ளும். இந்திரகுமாரின் பொண்ட் வந்த நாளிலிருந்து என் அலுமாரியில்தான் கிடந்தது. அது எந்த ஈட்டின் மேல் நிற்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

வேலை நின்றது இப்படி. டவுனுக்கு மேலே கைவிட்ட கல்குவாரி ஒன்றில்தான் குப்பையைக் கொட்டினார்கள். அந்தப் பள்ளத்துத் தண்ணீர் கீழே இருந்த கிராமத்துக் கிணறுகளில் இறங்கியது. கிராமத்தார் பாதையில் கறுப்புக்கொடி கட்டி, குறுக்கே ஒரு மர வாங்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் நான் பிழை சொல்லமாட்டேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் போய்ப் பார்த்தேன். பால் விடாத சாயத் தண்ணியின் நிறம். இந்திரகுமாரின் டிரக்டர் குப்பையோடு அரைவழியில் திரும்பியது. கொட்டுவதற்கு வேறு இடம் தரவேண்டியது சபை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. சபை தரவில்லை. கூட்டத்தில் ஓர் உறுப்பினர், லக்கலைக் காட்டுக்குக் கொண்டுபோய் யானைகளுக்குப் போடச் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தேத்தண்ணி வந்தது.

கொட்ட இடமில்லாமல் எதை அள்ளுவது? அவன் அள்ளவில்லை. தொடர்ந்து ஏழு நாள் அள்ளாவிட்டால் ஒப்பந்தக்காரர் தவறியதாகக் கணக்கு என்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

செயலாளர் சிவராசா சேர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே வீடு வாங்கி இருந்துவிட்டவர். அடுத்த வருடம் பென்சன். கணக்காய்விலிருந்து ஒரு கேள்வி வந்து மேசையில் கிடந்தது. பிணை இந்த மாதக் கடைசி வெள்ளியோடு முடிகிறது, வேலையோ நின்றிருக்கிறது, சபை ஏன் இன்னும் பிணையைக் கோரவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

வங்கிக்குக் கோரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். நான் ஒப்பந்தத்தை விரித்து, கொட்டும் இடம் பற்றிய வாசகத்தில் விரலை வைத்துக் காட்டினேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி சேர்ட் நுனியில் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"நீர் சொல்லுறது சரி, பிள்ளை. பிழை எங்கடைதான். ஆனா உந்தக் கதையை பாங்க் கேக்காது. கணக்குப் பாக்கிற ஓடிட்காரரும் கேக்கமாட்டினம். வெள்ளிக்கிழமை போனா இந்தத் தாள் வெறும் தாள். பிறகு அந்தக் காசை என்ர பென்சனிலதான் பிடிப்பாங்கள்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. போய்ச் சிங்களத்தில் கடிதத்தை அடித்தேன்.

அன்று பின்னேரம் இந்திரகுமார் வந்தான். உள்ளே வரவில்லை. நிஸ்தார் நானாவின் உரப்பையை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் அதன் வாயைக் காலால் மடித்துவிட்டான்.

"தங்கச்சி, பொண்ட ஒடைக்கப் போறாங்களாமே. நெசமா?"

கடிதம் அடித்தாயிற்று என்றேன். நான் சின்ன உத்தியோகத்தர், என்னால் ஒன்றும் ஆகாது, டிரக்டரை விற்றாவது வங்கியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவன் என்னை வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"டிரக்டர் லீசிங்காரனோடது. வீடுன்னா லயம், அது தோட்டத்தோடது. பேங்க்ல காணி உறுதி கேட்டாங்க. நம்ம தோட்டத்துல யாருகிட்ட தங்கச்சி உறுதி இருக்கு?"

"அப்ப எத வச்சீங்க?"

"ஒங்கம்மா சொல்லலையா?"

எல்மவுண்டில் மரணாதாரச் சங்கம் என்று ஒன்று உண்டு. யாராவது செத்தால் எடுத்துப்போடுகிற சங்கம். ஒவ்வொரு வீட்டுச் சம்பளத்திலும் செக்ரோல் சம்பளப் பதிவேட்டிலேயே மாதாமாதம் வெட்டுவார்கள். பெட்டி, கொட்டகை, உட்காரக் கதிரை, பாதையோரம் கட்டுகிற வெள்ளைக்கொடி, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, எல்லாம் சங்கத்துச் செலவு. என் அப்பாவையும் சங்கம்தான் எடுத்தது. மிச்சம் பிடித்ததைச் சங்கம் வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் வங்கி மதிக்கக்கூடிய சொத்து என்றால் சாவுக்குச் சேர்த்த அந்தக் காசு ஒன்றுதான். அதை இந்திரகுமாரின் பொண்டுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்து வைத்தவர்கள் இருவர். ஒருவர் தலைவர் அழகமுத்து மாமா. மற்றவர் பொருளாளர் சுந்தரம்மா.

சுந்தரம்மா என் அம்மா.

நான் டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போவேன். அந்த ஞாயிறு போனபோது அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது. கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னது.

"மாமாதான் சொன்னாரு, நம்ம பையன் மொதமொதல்ல ஒரு கொந்தராத்து எடுக்குறான், நம்ம குடுக்கலன்னா எவன் குடுப்பான்னு. கூட்டத்துல எல்லாருந்தான் கையத் தூக்குனாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்பே."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான்."

கிழங்குத் தோல் முழு நீளத்துக்கு வந்தது. அதைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு அம்மா சொன்னது:

"சில பேரு பயந்தாங்க. அப்ப மாமா எந்திரிச்சு, பயப்படாதீங்க, அந்தத் தாளு நம்ம விஜிதா அலுமாரியிலதான் இருக்கப்போவுது, நம்ம புள்ள ஒக்காந்திருக்குற எடத்துல நம்ம காசுக்கு என்னா வந்துரப்போவுதுன்னாரு. அதக் கேட்டுத்தான் தூக்குனாங்க."

வங்கிக்குச் சங்கத்தின் காசு ஈடு. சங்கத்துக்கு நான் ஈடு. என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற அன்று பஸ்சுக்கு வழியனுப்ப இந்த ஆட்கள் எல்லாரும் ஏன் வந்து நின்றார்கள் என்று இந்த ஞாயிறுதான் எனக்கு விளங்கியது. இதை எழுதும்போது கோபம் வருகிறது. அன்று வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் முகம் எப்படி மரத்துப்போகும், அப்படி உடம்பு முழுக்க இருந்தது.

அழகமுத்து மாமா வாசலுக்கு வந்தார். சொந்த மாமா இல்லை. தோட்டத்தில் அப்பா வயதுக்காரர் எல்லாரும் மாமாதான். கங்காணியாக இருந்து ஓய்வானவர். ஆட்களை மலைக்கு விரட்டிய குரல் இன்னும் போகவில்லை. ஆனால் அன்று தணிந்துதான் பேசினார்.

"சாவி ஒன்கிட்டத்தானே இருக்கு. வெள்ளிக்கெழமைக்கு ஒனக்குக் காச்சல்னு வச்சிக்க. திங்கக்கெழம போனா தாளு செத்துரும்ல?"

படிக்காதவர், விளங்காதவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிணைமுறி பற்றி எங்கள் சபை உறுப்பினர்களைவிட அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது.

"காச்சல் வந்தா பூட்ட ஒடைப்பாங்க, மாமா. அப்புறம் என் வேல போகும். போனா, புள்ளக் காம்பராவுல இருக்குற போட்டோவக் கழட்டிருவீங்களா?"

"சேச்சே. பிரேம் போட்டது, அதுவே நல்ல வெல" என்றார்.

அம்மா சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் வெட்கம்.

ஆனால் தாளை ஒளிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு வழி ஒன்று இருந்தது. ஒப்பந்தப் பைல்களில் நான் பார்த்ததுதான். பொண்டை இன்னும் ஆறு மாதம் நீடித்துக் கொடுத்தால் சபை அதைக் கோரவேண்டியதில்லை. கணக்காய்வுக்கும் பதில் சொல்லிக்கொள்ளலாம், சங்கத்தின் காசும் வங்கியிலேயே கிடக்கும்.

திங்கட்கிழமை சிவராசா சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் பெயரையும் சொன்னேன். அவர் கதிரையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, நான் அடித்து வைத்திருந்த கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வைத்து என்னிடமே நீட்டினார்.

"இதை நீரே வைச்சிரும். வெள்ளிக்கிழமை பாங்க் பூட்டமுன்னம் அவையள் நீட்டிச்சுத் தந்தா இதைக் கிழிச்சுப்போடும். தராட்டி, குடுத்திட்டு வாரும்."

ஆறு மாதத்துக்குள் கொட்டுவதற்கு ஓர் இடம் பார்ப்போம் என்றும் சொன்னார். அதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. இருந்தாலும் ஆறு மாதம் ஆறு மாதம்தான்.

வங்கியில் பிணைகளைப் பார்த்தவர் முனவ்வரா என்ற அக்கா. நல்ல மனுசி. கண்டியிலிருந்து அனுமதி எடுக்கவேண்டும், வெள்ளி காலையில்தான் வரும், வந்ததும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். இந்திரகுமார் வரவேண்டும். சங்கத்தின் தலைவரும் பொருளாளரும் அடையாள அட்டையோடு வந்து தன் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். வைப்பு அவர்கள் பெயரில் இருக்கிறது, வீட்டுக்குத் தாளைக் கொடுத்தனுப்ப முடியாது. வங்கி மூடுவது மூன்று மணிக்கு.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் போனில் சொன்னேன். எட்டு மணி பஸ்சில் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். மாமா வெள்ளை வேட்டியைத் தோய்க்கப் போட்டுவிட்டதாக அம்மா சொன்னது.

வெள்ளி விடியும்போது அம்மாவின் அழைப்பு வந்தது. பக்கத்துக் காம்பராக் காத்தாயி முந்தின நாள் பொழுதுபடச் செத்துப்போனதாம். கொஞ்ச நாளாகப் படுக்கையில் இருந்த ஆள்தான்.

"இன்னைக்கே எடுக்குறோம். நாளைக்கு சனிக்கெழம."

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை பிணம் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் துணைக்கு இன்னொன்று போகும் என்று பயம். ஞாயிறு வரை வைத்திருக்க ஐஸ் பெட்டிக்கு வசதி இல்லை.

"பேங்க்?" என்றேன்.

"தெரியும்" என்றது அம்மா. போனை வைத்துவிட்டது.

கண்டி அனுமதி சொன்னபடி வந்திருந்தது. இந்திரகுமார் காலையிலேயே வந்து தன் கையெழுத்தை வைத்துவிட்டு ஓடினான். சங்கத்துக் கதிரைகளும் தகரமும் அவன் டிரக்டரில்தான் ஏறவேண்டும். கையெழுத்துக்கான மற்ற இரண்டு கோடும் வெறுமையாக இருந்தன. முனவ்வரா அக்கா அந்தத் தாளை மேசையில் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டின் கீழ் வைத்தார். "கூட்டிட்டு வாங்க. மூடுற வரைக்கும் நான் சாப்பிடக்கூடப் போகமாட்டேன்" என்றார்.

திரீவீல் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டப் பாதை தொடங்கிய இடத்திலிருந்தே வெள்ளைக்கொடி. நீலம் போட்டுத் தோய்த்துத் தோய்த்து வானத்தின் நிறத்துக்கு வந்துவிட்ட சங்கத்துக் கொடிகள். தப்பு மேளச் சத்தம் கேட்டது.

லயத்துக்குப் பின்னால் சேலைகளைக் கட்டி மறைத்து, பெண்கள் காத்தாயியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில். முழங்கை வரை மஞ்சளும் தண்ணீரும். நான் சேலையை விலக்கி, திரீவீல் நிற்கிறது, ஒரு கையெழுத்து, போன சுருக்கில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றேன்.

"பொணத்தத் தொட்ட கையோட பேங்குக்கு வரச் சொல்றியா?"

"கழுவிட்டு வாம்மா."

"இது கழுவுனா போற தீட்டா? அவளத் தூக்காம நான் தல முழுகக்கூடாது. தல முழுகாம லயத்த விட்டு எறங்கக்கூடாது. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மற்றப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்கள் சம்பளத்திலும் மாதாமாதம் வெட்டுகிறார்கள். ஒருவராவது, போய்ட்டு வா சுந்தரம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார்கள் என்று நின்றேன். சொல்லவில்லை.

"அம்மா, இது சங்கத்துக் காசு."

"சங்கம் எதுக்கு இருக்குன்னு நெனச்ச?" என்றது அம்மா. "இதுக்குத்தான்."

செம்பை எடுத்துக் காத்தாயியின் தலையில் ஊற்றியது. காதில் தண்ணீர் போகாமல் மற்றக் கையால் பொத்திக்கொண்டது.

இடுகாடு பழைய ரப்பர் மலையில். மாமா குழியின் விளிம்பில் கம்போடு நின்றார். தோய்த்த வெள்ளை வேட்டியைத்தான் கட்டியிருந்தார், அது முட்டிவரை செம்மண். குழியை அளந்து சரி சொல்வது சங்கத் தலைவரின் வேலை. குழியைத் திறந்துவிட்டால் அது மூடும்வரை தலைவர் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது.

எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"மக வரணும், கொழும்புலேருந்து. பஸ்சு குருநாகல இப்பத்தான் தாண்டிருக்காம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடக்காது.

"மக வர்றதுக்கு முன்னால எடுத்துட்டா?"

குழிக்குள் மண்வெட்டிகள் நின்றன.

"பெத்தவ மொகத்த மக பாக்காம மூடச் சொல்றியா?" மாமாவுக்கு அந்தப் பழைய குரல் வந்துவிட்டது. "இதுக்கா ஒன்னப் படிக்கவச்சோம்?"

"என்னப் படிக்கவச்சது எங்கம்மா. நீங்க இல்ல. என்ன அடகு வச்சதுதான் நீங்க."

குழிக்குள் நின்ற ஒருவன் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடி வெட்டத் தொடங்கினான். மாமா கம்பை இறக்கி ஆழம் பார்த்தார். இன்னும் ஒரு சாண் வேண்டும் என்றார், என்னிடம் இல்லை, அவர்களிடம்.

திரும்பி வரும்போது காத்தாயியைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வந்தவள் சும்மா போகாதே, வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போ என்றது அம்மா, சண்டையே நடக்காததுபோல. போட்டேன். சின்ன வயதில் அம்மா மலையிலிருந்து இறங்கப் பிந்துகிற நாட்களில் என்னைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து இடுப்பில் தூக்கி வந்த ஆள் காத்தாயி. அழவேண்டும் என்று நினைவு வந்தது. அழுகை வரவில்லை. அரிசி இரண்டு மணி உதட்டிலிருந்து வழுக்கிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரீவீல்காரன் வங்கிக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினான். நான் இறங்கவில்லை. பிணைமுறியின் மூலத்தாளும் கடிதமும் மடியில் இருந்தன. மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். காவலாளி கதவை இழுத்துவிடுவான், வாகன நெரிசல் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு சிவராசா சேரின் பென்சன் இருக்கிறது. நீரே வைச்சிரும் என்று அந்த மனுசன் கடிதத்தை என் கையில் தந்திருந்தார். மாமா என்னை நம்பிக் காசை வைத்தார், இவர் என்னை நம்பிக் கடிதத்தை வைத்தார். இருவருக்கும் நான்தான் கிடைத்தேன்.

"மிஸ், எறங்குறீங்களா இல்லயா? இதுல நிப்பாட்டுனா பொலிஸ்காரன் வருவான்" என்றான் திரீவீல்காரன்.

இறங்கினேன். நேர்மை என்று இதற்குப் பெயர் வைக்கவேண்டாம். அவன் இறங்கச் சொன்னான், கால் இறங்கியது.

முனவ்வரா அக்கா வாசலைப் பார்த்தபடிதான் இருந்தார். எனக்குப் பின்னால் யாரும் வராததைக் கண்டதும் பேப்பர்வெயிட்டிலிருந்து கையை எடுத்தார்.

"மையத்தா?"

"ஆமா."

"சாவு வீட்ட விட்டுட்டு யாருன்னாலும் வரத்தான் மாட்டாங்க" என்றார். "எங்க ஆக்களும் கடையப் போட்டுட்டுத்தான் போவாங்க. இன்னும் கொஞ்சம் இருந்து பாப்பமா?"

வேண்டாம் என்றேன். கடிதத்தையும் மூலத்தாளையும் கொடுத்தேன். முத்திரை குத்தி, திகதி எழுதி, பிரதியை என்னிடம் தந்தார். இரண்டு கோடு வெறுமையாக இருந்த அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, கவிழ்த்து வைத்தார். வெளியே வந்து சேருக்குப் போன் எடுத்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்றேன். "சரி, பிள்ளை. நல்லது எண்டு சொல்ல வாய் வரேல்ல" என்றார்.

அறைக்குப் போயிருக்கலாம். தோட்டத்துக்குத்தான் போனேன்.

காத்தாயியை மூடிவிட்டு எல்லாரும் முழுகியிருந்தார்கள். மகள் வந்து முகம் பார்த்துவிட்டாளாம். கொட்டகையில் சோறு நடந்துகொண்டிருந்தது. அம்மா ஈரத் தலையோடு வந்தது.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

அம்மா தலைமயிரைத் தட்டி முடிந்துகொண்டது. "சாப்புட்டியா?" என்று கேட்டது. இல்லை என்றேன். சோறும் பருப்பும் கருவாடும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் முதல் கவளத்தை எடுக்கும்வரை நின்றது.

சேதி கொட்டகைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பின்வரிசையில் யாரோ, "இனிமே கொஞ்ச காலத்துக்கு யாரும் சாவாதீங்கப்பா. சங்கத்துல காசில்ல" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். காத்தாயியின் மகளும் சிரித்துவிட்டு அழுதாள்.

பிறகு அழகமுத்து மாமா எழுந்து, சங்கத்துப் பழக்கப்படி, குழிவெட்ட ஆள் அனுப்பாத வீடுகளைச் சொன்னார். ஆள் அனுப்பாத வீடு கதிரை கழுவவேண்டும். முன்பு அண்ணன் போவான். அவன் கட்டாருக்குப் போனபிறகு அம்மா யாருக்காவது கூலி கொடுத்து அனுப்பும். அன்று அதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது. மாமா என் பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"சுந்தரம்மா வீடு. கதிர."

அம்மா எழுந்தது. நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கதிரைகளைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்கு இழுத்துப்போய்க் கழுவினேன். பின்பக்கத்தில் சங்கத்தின் பெயர் பெயின்டால் எழுதியிருக்கும். பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. தண்ணீர் குளிர்ந்தது, விரல்கள் ஒன்றையும் உணரவில்லை, அது வசதியாக இருந்தது. ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

கொட்டகைக்குப் பக்கத்தில் சோறு போட்ட லஞ்ச் சீட்டும் காகிதக் கோப்பையும் வாடிய பூவும் மலைபோலக் குவிந்திருந்தன. இந்திரகுமார் டிரக்டரைப் பின்னுக்கு எடுத்து, யாரும் சொல்லாமலே, மண்வெட்டியால் அவற்றை அள்ளி டிரக்டர் பெட்டியில் போட்டான். சுத்தமாக அள்ளினான். தரையில் ஒட்டியிருந்த சோற்றைக்கூடச் சுரண்டி எடுத்தான். பெட்டியின் கதவை அடித்துப் பூட்டிவிட்டு, என்ஜினை அணைக்காமல், பீலியடிக்கு வந்தான். பிறந்ததிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"மேடம்" என்றான். "இத எங்க கொட்டுறது?"

டிரக்டர் நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. நான் அடுத்த கதிரையைத் தண்ணீருக்குள் இழுத்தேன்.